நெடுந்தீவுப் படகின் வெற்று நிரல்

“தயாபரன் அண்ணை, உங்கட இன்ரர்பேஸைத் தூக்குங்கோ.” என்கிறேன். முதலாளியான அவர் எழுதிய கணினி நிரலை மாற்றக் கேட்கவே கூடாதென்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். யன்னலுக்கு வெளியே இறங்குதுறையில், காற்றால் நின்றுபோன நெடுந்தீவுப் படகுக்குச் சனம் வெயிலில் காத்திருக்கிறது. நாங்கள் செய்த படகுச் செயலி அவர்களுக்கு ரத்துச் செய்தி அனுப்பவில்லை. “நிரலைச் சரிபார்க்கிற கொம்பைலர் பிழை சொல்லேல்லையே, பிள்ளை?” என்கிறார் தயாபரன். “‘ரத்து’ எண்டு பெயர் மட்டும் இருந்தாலே உங்கட இன்ரர்பேஸுக்குப் போதும். உள்ளுக்க வெறும் அடைப்புக்குறி, செய்தி அனுப்பிற வேலையை ஒருத்தரும் எழுதேல்லை. அதுக்குப் பதிலா ட்ரெயிற் போட்டா, பெயரோட வேலையையும் ஒருக்கா எழுதி எல்லாப் படகுக்கும் குடுக்கலாம்.” அவர் மற்றவர்களைப் பார்க்கிறார். “கம்பஸ்காரி வகுப்பெடுக்கிறா, கொப்பியை எடுங்கோ!” அறை சிரிக்கிறது, ஒரு முகமும் என் பக்கம் திரும்பவில்லை. விசிறிக் காற்றில் என் திரையோரத் துண்டுத்தாள் மட்டும் படபடக்கிறது. அடையாள அட்டையைக் கழற்றி விசைப்பலகைமேல் வைக்கிறேன். இனி இங்கே வரமாட்டேன். படகில்லை என்று அந்தச் சனத்துக்கு வாயால் சொல்ல வெளியே நடக்கிறேன்.