படகோட்டி சாகாத பாகம்

ஒன்பது பாக மாயாஜாலக் காவியத்தில் ஏழாம் பாகத்தை முடித்த அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கணவர் கதிரேசன் அழுதார்.

“படகோட்டி செத்துட்டான்டி. நீ மெதுவா வா.”

அவர் போன பிறகு அதே பாகத்தை என் மின்புத்தகக் கருவியில் படித்தேன். அறுநூறு பக்கப் போரில் ஒருவர்கூடச் சாகவில்லை. சந்தேகப்பட்டுப் புத்தக நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ஒரு பையன் எடுத்தான்.

“உங்க வீட்ல துக்கம்னு புத்தகத்துக்குத் தெரியும்மா. வருஷத் திதி வரைக்கும் சாவு காட்டாது.”

“அதுக்கு யார் சொன்னா?”

“ஒரே பக்கத்துல நாப்பது நிமிஷம் நின்னீங்களே, அத வச்சு அதுவே கண்டுபிடிச்சிடும்.”

“அவர் அழுத பக்கம் எனக்கு வேணும்ப்பா.”

“துக்கம் முடிஞ்சிடுச்சுன்னு உங்க வாயால சொல்லுங்கம்மா, உடனே மாத்திடறேன்.”

பிறகு, “லைன்ல இருக்கீங்களாம்மா?” என்று மூன்று முறை கேட்டான். இருந்தேன். அந்த வார்த்தைதான் வரவில்லை.