லங்காவியில் ஓர் அறை

“கீழ் மாடியெல்லாம் வேணாம் பாப்பா. சன்னலத் தொறந்தா கடலு தெரியணும்” என்றாள் ஆதிலட்சுமி, கம்ப்யூட்டர் திரையை விரலால் தொட்டு.

பிரபா தலையாட்டிக்கொண்டே அடுத்த படத்தைத் திறந்தாள். விருத்தாசலம் கடைவீதியில் அவள் பிரவுசிங் சென்டர் போட்டு மூன்று வருஷமாகிறது. பரீட்சை ரிசல்ட்டும் ரயில் டிக்கெட்டுமாக ஓடிக்கொண்டிருந்த கடைக்கு, வெளிநாட்டு ஓட்டலில் ரூம் கேட்டு வந்த முதல் ஆட்கள் இவர்கள்தான்.

ஆதிலட்சுமியின் கணவர் கொளஞ்சிநாதன் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைப் பட்டறை வைத்திருப்பவர். ஒரே மகன் பழமலைநாதன் சிங்கப்பூரில் இன்ஜினீயர். கூட வேலை பார்க்கும் பெண்ணோடு அடுத்த மாதம் இருபதாம் தேதி கல்யாணம். அதுவும் மலேசியாவில், லங்காவி என்ற தீவில், கடற்கரை மணலில்.

“மாப்பிள்ளையப் பெத்தவங்க நாங்க. தங்குற எடம் கவுரவமா இருக்கணும்ல?” என்றார் கொளஞ்சிநாதன். “தெரு சனம் சும்மா வுடுமா? எங்க தங்குனீங்க, என்ன சாப்ட்டீங்கன்னு கொடஞ்சி எடுத்துடும்.”

“தெரு சனத்த வுடுங்க. ஒங்க தங்கச்சி ஒண்ணு போதுமே. வக்கீலு மாதிரி குறுக்கு விசாரண பண்ணும்.”

“ஆரம்பிச்சிட்டியா? என் தங்கச்சிய இழுக்காட்டி ஒனக்குப் பொழுது போவாதே!”

பிரபா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “கல்யாணம் நடக்கிற ஓட்டல்லயே ரூம் இருக்குதுங்கய்யா. அதையே போட்டுடலாமே?”

“வேணாம் வேணாம்” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“அங்க பொண்ணு வூட்டு சனம் தங்கும். அவங்களுக்கு நடுவுல நாம எதுக்கு?” என்று முடித்துவிட்டார் கொளஞ்சிநாதன்.

இரண்டாவது ஓட்டலில் கடல் தெரிந்தது, கூடவே நீச்சல் குளத்தில் அரைகுறை உடையில் நாலு பேரும் தெரிந்தார்கள். ஆதிலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவதில் குளியலறைப் படத்தைப் பெரிசு பண்ணச் சொல்லி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார் கொளஞ்சிநாதன். “வாஷ்பேசின்ல கிளேஸ் பூச்சு சரியில்ல. ஓரமெல்லாம் வெடிப்பு. பாக்கறவன் சிரிப்பான்.”

நாலாவது பக்கம் திறந்து வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. வெளியே பரீட்சை ரிசல்ட்டுக்கு நின்றிருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இவர்களை எழுப்பவும் முடியாமல், அவர்களை உட்கார வைக்கவும் முடியாமல் தவித்தாள் பிரபா.

கரண்ட் வந்தது. ஐந்தாவது ஓட்டல். முன்னால் கடல், பின்னால் பச்சைப் பசேலென்று மலை.

“இதுதான்!” என்றாள் ஆதிலட்சுமி.

கொளஞ்சிநாதன் பையிலிருந்து நோட்டை எடுத்தார். நகக்கண்ணில் பட்டறை மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. எத்தனையாவது மாடி, லிப்ட்டு இருக்கிறதா, காலையில் என்ன பலகாரம், பிளேன் இறங்கும் இடத்திலிருந்து எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

“இட்லி கெடைக்குமா பாப்பா?”

“தேங்காப்பால் சோறும் நெத்திலியும் குடுப்பாங்களாம்.”

“காலங்காத்தாலயா?” ஆதிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். “எழுதிக்குங்க, எழுதிக்குங்க. இது முக்கியம்.”

முக்கால் மணி நேரமாகியும் இருவரும் வாடகை எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிங்கப்பூர்ப் பிள்ளையைப் பெத்தவங்களுக்கு அது ஒரு விஷயமா என்று நினைத்துக்கொண்டாள் பிரபா.

“அப்ப புக் பண்ணிடட்டுமாங்கய்யா? ரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் குடுங்க.”

கொளஞ்சிநாதன் நோட்டை மூடினார். மனைவியைப் பார்த்தார். அவள் திரையில் இருந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாஸ்போர்ட்டு எடுக்கல பாப்பா.”

பிரபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னங்கய்யா இது! முழுசா ஒரு மாசம்கூட இல்லியே. சரி, பயப்படாதீங்க. தட்கல்ல போட்டா வந்துடும். இப்பவே ஃபாரம் எடுக்கறேன்.” பரபரவென்று மேஜை இழுப்பறையைத் திறந்தாள்.

“இரு பாப்பா.” அவர் குரல் இறங்கியது. “பையன் கல்யாணம், பெத்தவங்கள தனியா வேற கூப்பிடணுமான்னு இருந்துட்டோம். போறோம் போறோம்னு ஊரு பூரா சொல்லியாச்சு. அப்புறம்தான் போன் பண்ணான். அவ்ளோ தூரம் நீங்க செரமப்பட வேணாம்ப்பா, லீவுல வர்றப்ப பொண்ணக் கூட்டியாந்து காட்டறேன்னுட்டான்.”

பிரபாவின் கை இழுப்பறையிலேயே நின்றுவிட்டது. “அப்ப... இவ்ளோ நேரம் ரூமு பாத்தது?” என்று மட்டும் கேட்டாள்.

ஆதிலட்சுமி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, வெளியே நிற்பவர்களுக்குக் கேட்காமல் குனிந்து சொன்னாள்:

“இருவதாந் தேதியிலேருந்து நாலு நாளைக்கு, நம்ம ஊரு ஆளுங்க யாரும் வராத ஊருல ஒரு லாட்ஜ் இருந்தா பாத்துச் சொல்லு பாப்பா.”