நடந்து படிக்கிற பிள்ளை

"சத்தம் கேக்கலையே ஆத்தா!"

தோட்டத்து வாசலை மறித்துக் கட்டில் போட்டுப் படுத்திருந்த அப்பா பாண்டியராஜன் குரல் கொடுத்தார். யுவராணி அவசரமாக வேதியியல் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, "அணைவுச் சேர்மங்கள்!" என்று அலறினாள்.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து கால் ஓய்ந்துவிட்டது. குலைகள் தலையில் இடித்தன, தொண்டையும் கட்டிக்கொண்டது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டது, மண்டையிலோ ஒரு வரி நிற்கவில்லை.

எல்லாம் பெற்றோர் கூட்டத்தால் வந்த வினை. சில பிள்ளைகளுக்குப் பார்த்தால் படிப்பு ஏறும், சிலருக்குக் கேட்டால், சிலருக்கு நடந்துகொண்டே சத்தம் போட்டால் என்று டீச்சர் சொன்னாராம். மகள் எத்தனையாவது படிக்கிறாள் என்று கேட்டாலே தலையைச் சொறிகிற அப்பா, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தாற்போல வாயெல்லாம் பல்லாக வீடு திரும்பினார். "நம்ம பிள்ளை நடக்குற வகை" என்று அன்றைக்கே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"அப்பா, எனக்கு ஒரு மூலையில உக்காந்து மனசுக்குள்ள படிச்சாத்தேன் ஏறும்."

"படிச்ச டீச்சரம்மாவே சொல்றாக, ஒனக்கு என்ன தெரியும்? விடியக்காலையும் பொழுது சாயுற நேரமுந்தேன் நல்லா ஏறும். இந்தா, தாளம் போட்டுப் படி."

ஒரு தகர டப்பாவும் குச்சியும் அவள் கைக்கு வந்தன.

மறுத்தால், "நீ பாசாகணும்னுதான ஆத்தா இம்புட்டும்" என்று கண் கலங்குவார். டப்பாவைத் தட்டினாள், கத்தினாள், நடந்தாள். உட்கார்ந்தால் அடுத்த நொடி குரல் வரும். நாம்தான் மக்கு என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை முட்டியது.

பரீட்சைக்கு முதல் நாள் காலை. பழக்கூடைகளை ஏற்றிக்கொண்டு வியாபாரியின் வேன் கம்பம் சந்தைக்குக் கிளம்பிப் போனது. யுவராணி வழக்கம்போலப் புத்தகத்தையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தாள்.

அப்பா எழுந்து வந்து டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"இனிமே வீட்டுல போயி உக்காந்து மனசுக்குள்ளயே படி ஆத்தா."

"ஏம்ப்பா? நடந்தாத்தான எனக்கு ஏறும்னு சொன்னீக?"

"அதேன் பழம் அறுத்தாச்சே, இனி எந்தக் கிளி வரப்போகுது?"