சந்தேகம் உள்ள இடம்

எங்கள் ஊரில் மலையைக் குடைந்து கட்டிய வீட்டைக் கையில் தருவதற்கு முன், நிலநடுக்கம் மாதிரியே ஒருமுறை குலுக்கிப் பார்ப்பார்கள். அப்போது சான்று தரும் பொறியாளர், தனக்கு எங்கே சந்தேகம் அதிகமோ அங்கேதான் நிற்க வேண்டும்.

பொறியாளர் பூவிழி அக்கா கூரையைத் தட்டிக் கேட்டபடியே எங்கள் புது வீட்டைச் சுற்றினார். படுக்கையறை மூலையில், மெல்லிய விரிசலுக்கு நேர் கீழே போய் நின்றார்.

"வேணாங்க்கா, வேற வீடு பாத்துக்கறோம்," என்றாள் என் மனைவி மகிழினி, கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டு.

"நானே பயந்தா எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? வெளிய நில்லுங்க."

கதவு மூடியது. பாறை உறுமியது. மகிழினி கண்ணைத் திறக்கவே இல்லை.

ஒருவழியாக அடங்கியதும், தலையெல்லாம் தூசியோடு அக்கா சிரித்தபடி வந்தார். "குடி வரலாம்."

என்ன மனுஷி! கும்பிடத் தோன்றியது எனக்கு. "பாப்பாவ மட்டும் அந்த மூலையில படுக்க வைக்க மாட்டோங்க்கா," என்றேன்.

அக்கா முறைத்தார். "ஏன் தம்பி? மத்த இடத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர் போட்ட கணக்குதான் சாட்சி. அந்த இடத்துக்கு நான் சாட்சி."

மகிழினி உள்ளே போய், குழந்தையின் துணியை அந்த மூலையிலேயே விரித்தாள்.