வரைபடம் எழுதாத புல்

எனக்குத் துரோகம் செய்தது கடல் வரைபடம்தான்.

நான் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு. மாலுமிகள் என் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குவார்கள். கடலடியில் இருப்பது அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். அன்று ஒரு கடற்பசுவின் பக்கத்தில் போய் இறங்கினேன்.

"எதுக்கு ஓய் அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கிறீர்?" என்று புல்லை மென்றபடி கேட்டது.

"கடலைப் பங்கு பிரிக்கிறார்களாம். கப்பலுக்கு எது வழி, வலைக்கு எது இடம் என்று வரைபடம் கோடு போடப் போகிறது."

"அப்படியா! அது புல்லைப் பார்த்திருக்கிறதா?"

"இல்லை. நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன்," என்று வாக்குக் கொடுத்தேன்.

மேலே போனதும் என்னைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே மேசையில் வைத்தார்கள். வரைபடத்தில் அழுக்குப் படக் கூடாதாம்.

"எத்தனை பாகம் ஆழம்?" என்றது வரைபடம்.

"ஐந்து பாகம், அதாவது முப்பது அடி. ஆனால் அங்கே புல் இருக்கிறது. கடற்பசு மேய்கிறது."

"புல்லா? எங்கே, காட்டும் பார்ப்போம்."

புல் துணியில் இருந்தது. துணியை அலசிவிட்டார்கள்.

வரைபடம் ஐந்து என்று எழுதிக்கொண்டு, அதன் மேலேயே கப்பல் வழியைப் போட்டது.

இப்போது அது காற்றில் பறக்காமலிருக்க என்னைத்தான் மேலே வைத்திருக்கிறார்கள்.

"கொஞ்சம் நகர்ந்து உட்காரும் ஓய், கோடு மறைகிறது," என்கிறது.

நகர மாட்டேன். நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் 'புல்' என்று ஒரு சொல்லை அது எனக்கு இன்னும் எழுதித் தர வேண்டியிருக்கிறது.