அப்பன் வழி

“ஆ காட்டு சேட்டா!” என்றாள் அஞ்சு. ரதீஷ் வாயை அகலத் திறந்தான். பஞ்சு சுற்றிய குச்சி அவன் கன்னத்தின் உட்பக்கம் நுழைந்து சுழன்றபோது, அடுப்படியில் நின்றிருந்த மாயம்மாள் அடுப்பை மறந்து அதையே பார்த்தாள்.

இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்ததை ஒரு குச்சி தோண்டி எடுக்கப் பார்க்கிறதே!

அஞ்சு எர்ணாகுளம் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவள். மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்கள் எங்கிருந்து, எந்தப் பக்கமாக வந்தவை என்று எச்சிலை வைத்தே கண்டுபிடிப்பாளாம். ரதீஷ்தான் அவளை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். அவன் கட்டிக்கொள்ளத் துடிக்கும் அம்பிளியின் அப்பா, “பாண்டிப் பையா, உனக்கு ஊருன்னு ஒண்ணு உண்டோ?” என்று நக்கலடித்ததிலிருந்து அவனுக்கு இதே பைத்தியம்.

“அப்பாகிட்டேர்ந்து மகனுக்கு மட்டும் போற சங்கதி ஒண்ணு உண்டு, அம்மே. தாத்தா, அவரோட அப்பா, அவருக்கும் அப்பான்னு அதைப் பிடிச்சுட்டே பின்னாடி போகலாம்,” என்று தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினாள் அஞ்சு. “அதான் அப்பா, மகன் ரெண்டு பேரும் தரணும். ஒத்துப் பார்க்கணுமல்லோ?”

ஒத்துப் பார்ப்பார்களா! இவனுக்கு அப்பன் வேறு எவனோ என்று வந்துவிட்டால்? அப்புறம் பிள்ளை தன்னை அம்மா என்று கூப்பிடுவானா?

டெஸ்ட் முடிகிற வரை ஒன்றும் குடிக்கக் கூடாது என்று அஞ்சு வந்ததுமே சொல்லியிருந்தாள். மாயம்மாள் அவசரமாக ஒரு கிளாஸ் சாயாவை ஆற்றிப் புருஷன் கையில் திணித்தாள். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ரிட்டயரான இசக்கிமுத்து, சாயாவுக்கு என்றைக்கும் மாட்டேன் என்றதில்லை. மடமடவென்று குடித்து முடித்தார்.

“அய்யோ, எந்தா அம்மே இது!” அஞ்சு சிரித்தாள். “போகட்டும். வாய் கொப்பளிச்சிட்டு உட்காரட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல. அதுக்குள்ள சேட்டனோட விவரம் சொல்லுங்க. இவர் பிறந்தது எங்கே?”

“அது... இங்கதான்... இல்ல, ஊர்ல வச்சு...” மாயம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“இங்கனதாம்மா,” என்று குறுக்கே வந்தார் இசக்கிமுத்து. “ஆடி மாசம். எனக்கு அப்பத் தோப்பும்படியில டூட்டி. விடியுற நேரம், ஊத்துற மழை. கொடைகூட இல்லாம நனைஞ்சுக்கிட்டே ஓடிப் போயிப் பாத்தேன். அணில்குஞ்சு மாதிரி இத்துனூண்டு கெடந்தான்!”

“இப்ப எருமைக்கெடா மாதிரி நிக்கேன், அப்படித்தானே?” என்றான் ரதீஷ்.

மாயம்மாளும் ஆமாம் என்று தலையை ஆட்டி வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து இசக்கிமுத்து, “பல்லை மட்டும் எண்ணிராத தாயீ, நாலஞ்சு கொறையும்,” என்றபடி சமர்த்தாக வாயைத் திறந்தார். அந்தக் குச்சியும் ஒரு குழாய்க்குள் போய் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு மாயம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் புருஷனிடம் கேட்டுவிட்டாள்.

“ரிசல்ட்டு வந்தா என்னங்க ஆகும்?”

“என்ன ஆகும்? அவன் எம்மவன்னு ஆகும். போயி வேலையைப் பாரு.”

மேலே பேச அவள் வாயெடுத்தாள். ஒற்றை அறை வீடு. துணித்திரைக்கு அந்தப் பக்கம் ரதீஷ் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தான். வந்த பேச்சை அப்படியே விழுங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சுவே வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“சேட்டா, உங்க அப்பா வழி நேரே திருநெல்வேலிக்குப் போகுது. தாமிரபரணிக் கரையில எடுத்த சாம்பிளோட நல்லா சேருது!”

மாயம்மாள் முன்னால் வந்தாள். “ரெண்டு பேருக்கும்... ஒத்து வந்துச்சா தாயி?”

“பின்னே? அச்சுல வார்த்த மாதிரி! அப்பனும் மகனும்தான், சந்தேகமே வேண்டாம்.”

ரதீஷ் அம்மாவை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். “கேட்டியாம்மா? நான் தாமிரபரணிக்காரன்! அம்பிளியோட அப்பன் இனி ஊரு உண்டான்னு கேக்கட்டும், பாக்கலாம்!”

அம்பிளிக்கு போன் போட்டுக்கொண்டே அவன் சந்துக்கு ஓடினான். சிரித்தபடி அஞ்சுவும் பின்னால் போனாள்.

மாயம்மாள் பயந்தது நடக்கவில்லை. பிள்ளை கையை விட்டுப் போகவில்லை. ஆனாலும் அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இசக்கிமுத்து நிமிரவே இல்லை. மடித்து வைத்த துண்டையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். வெளியே ரதீஷின் சிரிப்பு கேட்டது. அவளுக்கு வாய்விட்டு அலறக்கூட வழியில்லை. அவன் காதில் விழுந்துவிடுமே!

வாசல் தாண்டாத குரலில் மாயம்மாள் கேட்டாள்:

“ஹார்பர்ல அநாதையாக் கெடந்தான்னுதானே இவனைக் கொண்டாந்து எம் மடியில போட்டீங்க?”