நாலாம் ஷரத்து

உபதேசியார் ஜான்ரோசுக்குப் பெரிய அநியாயம் நடந்துவிட்டது. அவருக்கு மருமகளாக வரப்போகிறவள், கல்யாணத்துக்கு முன்பே அவர் மகனிடம் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறாள்.

கேட்டதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த மடையன் சத்தியநேசன் கையெழுத்தும் போட்டுவிட்டான்!

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, உபதேசியார் வழக்கைப் போதகர் ஜெபசீலன் வீட்டு வராந்தாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்த அவர் மனைவி செல்லபாய், எல்லோரும் உட்கார்ந்த பிறகு வந்து சேர்ந்து, மூலையில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஐயா, நீங்களே நியாயம் சொல்லணும். கல்யாண அறிக்கை ரெண்டு ஞாயிறு சபையில வாசிச்சாச்சு. அடுத்த ஞாயிறு மூணாவது. அதுக்குள்ள இந்தப் பிள்ளை தாளைக் கிழிச்சுப் போடணும். இல்லேன்னா சபை நடுவுல எந்திரிச்சு நின்னு தடை உண்டுன்னு சொல்லிருவேன்."

'இந்தப் பிள்ளை' தூணோரம் நின்றாள். பெயர் லீலாபாய். நாகர்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. பதில் சொல்லிப் பழகிய வாய்.

"கல்யாணம் கர்த்தருக்கு முன்னால பண்ணுற உடன்படிக்கை. அதுக்கு மேல தாளு எதுக்கு பிள்ளே?" என்றார் உபதேசியார்.

"கர்த்தரே உடன்படிக்கையைக் கல்லில எழுதித்தான் குடுத்தாரு மாமா. நான் தாளிலதான் கேட்டேன்."

போதகருக்கு இருமல் வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க குடும்பத்துல வாய்ச்சொல்லு போதும்!"

"அப்போ நிச்சயத்தன்னைக்கு, எங்க அப்பா தாற தோப்பையும் நகையையும் ரெண்டு சாட்சி வச்சு எழுதி வாங்கினியளே? ஸ்திரீதனத்துக்குத் தாளு வேணும், ஸ்திரீக்கு வேண்டாமா?"

"அது முறை!"

"இது?"

"திமிரு!"

போதகர் குறுக்கிட்டு லீலாபாயைக் கேட்டார். "மக்களே, பிரியம் இருக்கிற இடத்துல ஷரத்து எதுக்கு?"

"பிரியம் இருக்கும்போதுதான் ஐயா எழுத முடியும். சண்டை வந்த பிறகு யாரு சேந்து உக்காந்து எழுதுவா?"

"எனக்கு இதுல ஒரு சங்கடமும் இல்ல, ஐயா" என்று மெதுவாகச் சொன்னான் சத்தியநேசன்.

"நீ சும்மா இருலே!"

உபதேசியார் சட்டைப்பையிலிருந்து, மகனிடம் வாங்கி வைத்திருந்த நகலை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். பிரசங்கக் குரலை வரவழைத்துக்கொண்டார். வாசித்தால்தானே ஐயாவுக்கு இதன் லட்சணம் தெரியும்!

"ஒண்ணாவது, கல்யாணத்துக்குப் பிறகும் பெண் வேலைக்குப் போவாள். சரி, போகட்டும், சம்பளம் வருது. ரெண்டாவது, கோயிலுக்குப் போகையில் புருஷன் முன்னால் ஓடாமல் மனைவியோடு கூட நடக்க வேண்டும். எப்படி இருக்கு? இடுப்புல தூக்கி வச்சிக்கிட்டு நடக்கணும்னு எழுதல்ல, அதுவரைக்கும் தோத்திரம்! மூணாவது, மனைவிக்கு வரும் கடிதத்தை மனைவிதான் பிரிக்க வேண்டும். அடேயப்பா, இவளுக்கு மகாராஜா எழுதப்போறாரு!"

நாலாவதுக்கு வந்ததும் உபதேசியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இதைக் கேளுங்க ஐயா. மனைவியின் தாயார் சாகக்கிடக்கிறாள் என்று ஆள் வந்தால், மரச்சீனிக் கிழங்கு பிடுங்கி முடித்துவிட்டுப் போகலாம் என்று புருஷன் அவளை நிறுத்தி வைக்கக்கூடாது."

கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மரச்சீனி! இவளுக்கு மரச்சீனி மூடு எப்படி இருக்கும்னாவது தெரியுமா? எந்த மிருகம் ஐயா இப்படிச் செய்யும்? எந்த வீட்டுல நடந்திருக்கு? எல்லாம் கட்டுக்கதை!"

போதகர் சிரிக்கவில்லை. "மக்களே, இந்த நாலாவதை உனக்கு யாரு சொல்லித் தந்தது?"

அதுவரை ஒரு கேள்விக்கும் தாமதிக்காத லீலாபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்ல மாட்டேன் ஐயா. பேரு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஆளு இருந்தாத்தானே பேரு இருக்கும்!" உபதேசியாருக்கு ஜெயித்த உற்சாகம். "ஒண்ணு பேரைச் சொல்லு, இல்லேன்னா தாளைக் கிழி. ரெண்டும் இல்லேன்னா கல்யாணம் இல்ல."

லீலாபாய் சத்தியநேசனை ஒரு தடவை பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்போ கல்யாணம் வேண்டாம் மாமா."

சத்தியநேசன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மூலையில், தரையில் கையூன்றி ஒரு உருவம் எழுந்தது.

"நீ எதுக்கு எந்திரிக்கிய? உக்காரு!" என்றார் உபதேசியார்.

செல்லபாய் உட்காரவில்லை. நேராக வந்து, லீலாபாய் பக்கத்தில் நின்றாள். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷன் முகத்தைப் பார்த்து, நாலு பேர் நடுவில் பேசினாள்.

"கொல்லம் ஆயிரத்து எண்பத்தஞ்சாம் ஆண்டு மாசி மாசம். இவன் என் வயித்துல எட்டு மாசம். நம்ம மேலவிளைத் தோட்டத்து மரச்சீனி முழுக்கப் பிடுங்கிட்டு நான் போய்ச் சேந்தப்போ எங்க அம்மையைக் குழியில வச்சு மண்ணு தள்ளியாச்சு. உங்களுக்கு அது மறந்தே போச்சு, இல்லியா? அடுத்த ஞாயிறு நீங்க தடை சொல்ல எந்திரிச்சா, நானும் எந்திரிச்சு இதைச் சபையில சொல்லுவேன். இப்போ அந்த நாலாவதை மறுபடியும் வாசியுங்க. சிரிக்காம வாசியுங்க."